வெர்னாவின் இரண்டு இருக்கைகள்

வெர்னா பொகோர்னி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஏரிக் காற்று முகத்தில் அறைகிற எங்கள் ஊரில், பனிக்காலத்தில் அந்த மஞ்சள் வண்டியை ஓட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. பின்னால் பிள்ளைகள் எவ்வளவு கூச்சல் போட்டாலும் அவள் திரும்ப மாட்டாள். கண்ணாடியில் ஒரே ஒரு பார்வை; வண்டி அடங்கிவிடும். என் மதுக்கடையிலும் அதே பார்வைதான். குடித்துவிட்டு மேசைமேல் ஏறியவர்களைக் காலைப் பிடித்து இறக்கியவன் நான். ஆனால் வெர்னா அப்படிப் பார்த்தால் நானே கிளாஸ் துடைக்கத் திரும்பிக்கொள்வேன்.

அவளுக்குப் பெரிதாகச் சொத்து கிடையாது. ஹெரன்ஸ் பேஸ்பால் அணியின் மைதானத்தில், ஆட்டக்காரர்கள் ஓடி மிதிக்கிற மூன்றாம் தளத்துக்குப் பின்னால் பக்கம்பக்கமாக இரண்டு இருக்கைகள் அவள் பெயரில் உண்டு. அப்பாவிடமிருந்து வந்தவை. ஒரு பேருந்து ஓட்டுநரின் சம்பளத்தில் ஒரு பருவத்துக்கான சீட்டு வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால் ஐந்து பேர் பங்கு போட்டுக்கொள்கிறோம்: வெர்னா, அவள் தம்பி எமில், ஓய்வுபெற்ற தபால்காரர் டுவைட், முடி வெட்டும் கடை வைத்திருக்கும் கானி, அப்புறம் மதுக்கடைக்காரன் ஒட்டோ, அதாவது நான். எந்த ஆட்டம் யாருக்கு என்று பிப்ரவரியில் சண்டை போட்டுப் பிரித்துக்கொள்வோம். அந்தச் சண்டையில் ஒருவரும் கை வைக்காத ஆட்டம் ஒன்று உண்டு. ஏப்ரலில் வருகிற முதல் ஆட்டம். அது அக்காவுக்கும் தம்பிக்கும்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய அப்பா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது எமில் லாரியோடு நெப்ராஸ்காவில் இருந்தான். டாக்டர்கள் இனி வழியில்லை என்றார்கள். இயந்திரத்தை நிறுத்தச் சம்மதித்து வெர்னா கையெழுத்துப் போட்டாள். எமில் இரவெல்லாம் ஓட்டி வந்து சேர்ந்தபோது கட்டிலில் விரிப்பு மாற்றிவிட்டிருந்தார்கள். "எனக்காகக் காத்திருக்கக் கூடாதா?" என்று அவன் கேட்டான். அன்றோடு சரி. அவள் வீட்டு வாசலை அவன் மிதித்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துகூடக் கிடையாது. ஆனால் அந்த ஏப்ரலில், முதல் ஆட்டத்துக்கு வந்து அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "அந்தப் பிட்சரை எப்பவோ மாத்தியிருக்கணும்" என்றானாம், பந்து வீசியவனைக் காட்டி. "நாலாவது இன்னிங்ஸ்லயே" என்றாளாம் அவள். அதிலிருந்து பேச்சு உண்டு, பேஸ்பால் பேச்சு மட்டும். அந்த இரண்டு இருக்கையிலும், குளிர்காலத்தில் என் கடையின் மூலை மேசையிலும்தான் அவளுக்குத் தம்பி இருந்தான்.

அதைத்தான் போன குளிர்காலம் பறிக்கப் பார்த்தது.

எங்கள் ஷார்ட்ஸ்டாப் யாதியேல் கரபாயோவின் ஒப்பந்தம் அக்டோபரில் முடிந்தது. இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் அந்தப் பையன் நின்றால் எலிகூட நுழையாது. மேற்குக் கரை அணி ஒன்று அவனுக்கு ஏழு வருஷத்துக்கு இருபது கோடி டாலர் காட்டியது. எங்கள் அணியின் முதலாளியோ பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, சம்பளப் பட்டியலில் நெகிழ்வு வேண்டும் என்று பேசினார். கையை விரிப்பதற்குப் பணக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. எமில் கொதித்துப்போனான். நவம்பரிலிருந்து அவனுக்கு ஒரே பாட்டுதான்: கரபாயோ போனால் இந்த வருஷம் சீட்டைப் புதுப்பிக்கக் கூடாது, காலி இருக்கையைப் பார்த்தால்தான் அந்த ஆளுக்குப் புத்தி வரும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுப்பிக்கிற கடைசி நாளன்று ஐவரும் கூடுவோம். பியர் கிளாஸுக்கு அடியில் வைக்கிற அட்டையை நிமிர்த்தி வைத்தால் சம்மதம், கவிழ்த்து வைத்தால் இல்லை. ஒருவர் கவிழ்த்தாலும் புதுப்பிப்பது கிடையாது. ஒருவர் பாரம் இன்னொருவர் தலையில் ஏறக்கூடாது என்று வெர்னாவின் அப்பா வைத்த சட்டம். வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளலாம்தான். எமில் இல்லாத இருக்கையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை. கரபாயோ இன்னும் எந்த அணிக்கும் கையெழுத்துப் போடவில்லை, போய்விடுவான் என்றுதான் பேச்சு. மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. வெர்னா பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தாள், பூட்ஸில் இன்னும் பனி. வெள்ளிக்கிழமை என்பதால் மீன் வறுவல் போட்டிருந்தேன். ஒருவரும் தொடவில்லை. ஆறின மீனைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"கரபாயோவுக்கு இப்பவே முப்பத்தொண்ணு," என்றார் டுவைட். யாருக்கு எத்தனை வருஷ ஒப்பந்தம் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "கடைசி ரெண்டு வருஷம் முட்டிக்கு ஐஸ் வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். சம்பளம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்."

"உன் பாக்கெட்லேர்ந்தா ஓடுது?" என்றான் எமில். "அந்த முதலாளி மூணாவது படகு வாங்கிட்டான். பந்து பிடிக்க ஆள் வாங்கத்தான் காசில்லையாம்."

"படகு ரெண்டுதான்ப்பா."

"மூணாவதுக்கு முன்பணம் கட்டியாச்சு. கானிகிட்ட கேளு."

"அவர் சம்சாரத்துக்கு முடி வெட்டுற பொண்ணு எனக்குத் தெரிஞ்சவ," என்றாள் கானி. "மூணுதான்."

வெர்னா மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டு பேசினாள். "அந்தக் காசுக்கு நல்ல இடதுகை பிட்சர் ரெண்டு பேர் கிடைப்பாங்க. போன வருஷம் எட்டாவது இன்னிங்ஸ்ல எத்தனை ஆட்டத்தைக் கோட்டை விட்டோம், மறந்து போச்சா? கீழ் அணியிலேர்ந்து அந்தச் சின்னப் பையன் லிண்ட்ஹோம் வரான். அவன நிறுத்திப் பாக்கலாமே."

"அவனா?" என்றான் எமில். "போன கோடையில ஒரே ஆட்டத்துல மூணு பந்த விட்டான். பந்து வந்தா ஏதோ பேய் வந்த மாதிரி ஒதுங்குறான்."

"இருபது வயசுல கரபாயோவும் விட்டான்."

எமில் நாற்காலியை முன்னால் இழுத்தான். "அக்டோபர்ல என்ன சொன்ன நீ? முதலாளி வீட்ட வித்தாவது அவன வச்சுக்கணும்னு சொன்னியா இல்லியா? இதே மேசையில. இப்ப ஏன் பேச்ச மாத்துற?"

வெர்னா தன் முன்னால் கிடந்த அட்டையை நேராக்கினாள். எனக்குத் தெரியும் ஏன் மாற்றினாள் என்று. கரபாயோ போவது அவளுக்கும் வயிறெரிச்சல்தான். அதை ஒப்புக்கொண்டால் எமிலோடு சேர்ந்து அட்டையைக் கவிழ்க்க வேண்டியதுதான். தன் அணியின் முதலாளிக்காக வக்கீல் வேலை பார்க்க வேண்டியிருந்ததே என்று அவள் உள்ளுக்குள் பொசுங்கிக்கொண்டிருந்தாள்.

"நேரம் ஆவுது," என்றேன். "அட்டையை வைங்க."

நானும் டுவைட்டும் நிமிர்த்தி வைத்தோம். வெர்னா நிமிர்த்தி வைத்தாள். எமில் தன்னுடையதைக் கவிழ்த்து உள்ளங்கையால் ஒரு அறை விட்டான். கானி எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு அவளும் கவிழ்த்தாள்.

"ஒரு வருஷம்தான் வெர்னா," என்றாள் கானி. "அடுத்த வருஷம் திரும்ப வாங்கிக்கலாம்."

"ஒரு தடவ விட்டா அவ்வளவுதான் கானி. வரிசையில எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா? திரும்பக் கிடைக்காது."

"போனா போவட்டும்," என்றான் எமில். "வீட்டுல டி.வி. இருக்கு. இந்த அணிக்கு அது போதும்."

"உனக்கு டி.வி. போதும்." வெர்னாவின் குரல் முதல்முறையாக இடறியது. "இந்த சீட்டும் போச்சுன்னா, ஏப்ரல்ல நான் யாரோட..."

டுவைட் மீசையைத் தடவினார். கானி தட்டைப் பார்த்தாள். எமில் அக்காவின் முகத்தைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான். மூன்று மாதமாகக் கத்தியவன் ஒரு வார்த்தையில் இறங்கி வந்துவிட முடியுமா? அந்தக் குடும்பத்தில் இறங்கி வந்தவர் யாரும் இல்லை.

"சிகரெட் பிடிச்சுட்டு வரேன்," என்று எழுந்து போனான். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. எனக்கு அவன் மேல் அப்படி ஒரு ஆத்திரம். எழுந்து போகிற நேரமா இது?

திரும்பி வந்தபோது கையில் செல்போனை நீட்டிப் பிடித்திருந்தான். "கேளுங்கய்யா. கரபாயோ நம்மகிட்டயே இருக்கான். அஞ்சு வருஷ ஒப்பந்தம். இப்பதான் செய்தி வந்துருக்கு."

கானி எழுந்தே விட்டாள். "நெஜமாவா?"

"எழுதியிருக்கு பாரு."

மூலை மேசையை ஒட்டிய கவுண்டர் மேல், என் பக்கமாக அவன் செல்போனை வைத்தான். செய்தி போட்டவரின் சின்னப் படம் தெரிந்தது. கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி சிவப்பு போ டை கட்டிய ஒரு வழுக்கைத் தலை.

இங்கே என் கடையின் இன்னொரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். வீரர்களை விற்றார்கள் வாங்கினார்கள் என்று பொய்ச் செய்தியை நம்பிக் கடைக்குள் கொண்டு வருகிறவர், பருவத்தின் முதல் ஆட்டம் வரைக்கும் கடைக்குள் நுழைந்தால் ஒரு பச்சைத் தொப்பியைப் போட வேண்டும். காது மூடுகிற கம்பளித் தொப்பி, உச்சியில் குஞ்சம், எங்கள் பரம எதிரி அணியின் நிறம். அதற்கு முந்தின குளிர்காலத்தில் அதைப் போட்டவன் எமில். அவனை ஏமாற்றியது இதே சிவப்பு போ டை, நிருபர் மாதிரி வேஷம் போடுகிற யாரோ ஒரு போக்கிரி. மூன்று மாதம் குஞ்சத்தைப் பிடித்து இழுக்காதவர் இல்லை. "இனிமே அந்த வழுக்கையன் சூரியன் கிழக்குலன்னு சொன்னாலும் நம்ப மாட்டேன்" என்று சத்தியம் பண்ணியவன் அவன்.

நான் எமிலைப் பார்த்தேன். அவன் என்னை நேராகப் பார்த்தான், கண்ணை எடுக்கவில்லை. நான் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்புறம் என்ன, அட்டையைத் திருப்புங்க" என்றேன்.

கானி திருப்பினாள். எமில் தன் அட்டையை விரல் நுனியால் மெதுவாகத் திருப்பினான். வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் செல்போனில் புதுப்பிக்கிற பொத்தானை அழுத்தினாள். முதல் முறை தவறியது. இரண்டாவது முறை விழுந்தது. அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஐந்தரைக்குத் தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தி. கரபாயோ மேற்குக் கரை அணியின் சட்டையை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். ஏழு வருஷம்.

கானி கையிலிருந்த துடைக்கும் தாளை எமில் மேல் வீசினாள். "உன் புண்ணியத்துல இந்த வருஷமும் அந்தப் படகுக்காரனுக்குக் கொட்டி அழுதாச்சு. ரெண்டாவது தடவடா இது."

"தபால் வண்டியத் துரத்துற நாய்கூட ஒரு தடவதான் ஏமாறும்," என்றார் டுவைட். "நீ எப்படிப்பா லாரி ஓட்டுற? பாதைப் பலகையெல்லாம் படிப்பியா இல்லியா?"

எமில் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். வாய்க்கு வாய் கொடுக்கிறவன், ஒரு சொல் திருப்பவில்லை. வெர்னா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கவுண்டருக்கு வந்து, கவிழ்ந்து கிடந்த அவன் செல்போனை எடுத்துப் பார்த்தாள். அந்தச் சிவப்பு போ டையை அவளும் ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்துச் சிரித்தவள்தான். நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் ஆணியில் தொங்கிய பச்சைத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்த் தம்பியின் தலையில் வைத்தாள். இரண்டு காதுகளும் மூடும்படி கீழே இழுத்துவிட்டாள். இழுத்த கைகள் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன. அப்பா போன பிறகு அவர்கள் ஒருவரையொருவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

"மைதானத்துல ஏப்ரல்ல குளிரும்," என்றாள். "இதப் போட்டுக்கிட்டு வா."

"சட்டப்படி இது கடைக்குள்ள மட்டும்தான்."

"சட்டம் எனக்குத் தெரியும்."

அவன் குஞ்சத்தைப் பின்னால் தள்ளிவிட்டு, "லிண்ட்ஹோம் தேற மாட்டான்" என்றான். "தேறுவான்" என்றாள் அவள். நான் ஆறின மீனை எடுத்துப்போய்ச் சூடுபண்ணிக் கொண்டுவந்து வைத்தேன்.

முதல் ஆட்டத்தன்று கடையில் கூட்டம் நெரிந்தது. தொப்பி எங்கே என்று ஒருவன் கேட்டான். ஆணி காலியாக இருந்தது. தொலைக்காட்சியில், மூன்றாவது இன்னிங்ஸில் லிண்ட்ஹோம் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான். பந்து மூன்றாம் தளத்தைத் தாண்டி உருண்டது, கேமரா அதன் பின்னாலேயே போனது. அங்கே, எங்கள் சட்டை போட்ட கூட்டத்துக்கு நடுவில், எதிரியின் பச்சைத் தொப்பி ஒன்று. எமில் கையை ஆட்டி ஆட்டி அக்காவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். வெர்னா இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஒரே போர்வையை இருவரும் காலில் போட்டிருந்தார்கள். நாங்கள் அந்த ஆட்டத்தில் தோற்றோம்.