பவளம் கொடுத்த பன்னிரண்டு கூடை மண்

யார் கொல்லையில் பவளம் இறங்கினாலும் ஒரு செடிக்காவது ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். பிடுங்கி வேரைப் பார்க்காமல் மேலேறமாட்டாள். இலையைப் பார்த்துப் பயிரை மெச்சுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. “மேல இன்னா தெரியும்? கீய பாரு” என்பாள். உத்திரமேரூர்ப் பக்கத்தில் இருபத்தாறு வருஷம் வேர்க்கடலை போட்டவள். வேரில் உருண்டை உருண்டையாக முடிச்சு இருந்தால் மண் நல்ல மண் என்பது அவள் அனுபவத்தில் கண்ட உண்மை. உண்மைதான், வேர்க்கடலைக்கு.

காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் இந்த வருஷம்தான் முதன்முதலாக முக்கால் ஏக்கரில் வெண்டை போட்டாள். முப்பதாம் நாள் வழக்கம்போல ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் முழுக்க முடிச்சு! கடலையில்கூட அத்தனை பெரிய முடிச்சை அவள் பார்த்ததில்லை. தலைகால் புரியாத சந்தோஷம். வரப்பில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அந்த வேரை நீட்டினாள். அவர்களும் எல்லாம் தெரிந்தவர்கள்போலத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒருத்தராவது வாயைத் திறந்து சந்தேகம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அவள் அதோடு நின்றிருந்தால் அவள் பயிர் மட்டும் போயிருக்கும்.

செங்கேணி ஏரிக்கரையோரத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். பதினான்கு வருஷம் பவளத்தின் கொல்லையில் களையெடுத்தவள். பலரிடம் நடையாய் நடந்து, இந்த முறைதான் அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்திருந்தாள். இந்தப் பயிர் கைகொடுத்துவிட்டால் அவளும் புருஷன் மணியும் மறுபடி செங்கல் சூளைக்குப் போக வேண்டாம். அதற்காகத்தான் அத்தனை பாடும்.

புது நிலத்தில் கடலை போடுகிறவர்களுக்கு, நன்றாக விளைந்த கொல்லையின் மண்ணைக் கொடுத்துத் தூவச் சொல்வது பவளத்தின் வழக்கம். எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறாள். செங்கேணிக்கும் கொடுத்தாள். வெண்டைச் செடியின் வேரடி மண்ணாகப் பார்த்து அள்ளி, பன்னிரண்டு கூடை. பிறத்தியாரை நம்பாமல் தானே நின்று தூவிவிட்டு வந்தாள். அதன்மேல் செங்கேணி வெண்டை விதைத்தாள்.

காய்க்கிற நேரத்தில் பவளத்தின் செடிகள் மஞ்சளடித்தன. வெயில் ஏறினால் துவண்டு தொங்கின. தண்ணீர் போதவில்லையென்று மோட்டாரை ஓடவிட்டாள், யூரியா போட்டாள். எதற்கும் கேட்கவில்லை. கடைசியில் தோட்டக்கலை அலுவலர் கலைச்செல்வனைக் கூட்டிவந்தாள். அவர் வேரைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

“நூற்புழும்மா இது. வேர் மொத்தமும் போயிருக்கு.”

“இன்னா சார் பேசற? இத்தினி வருசமா முடிச்சி பாக்கறவ நானு!”

அவர் பக்கத்துக் கொல்லையில் ஒரு கடலைச் செடியைப் பிடுங்கி வந்தார். வேரிலிருந்த முடிச்சை நகத்தால் தேய்த்தார். பொலபொலவென்று உதிர்ந்தது. “இப்ப உங்க வெண்டியத் தேயுங்க.”

பவளம் தேய்த்தாள். நகம் வலிக்கத் தேய்த்தாள். ஒன்றுகூட உதிரவில்லை. முடிச்சு வேரின்மேல் இல்லை, வேரே வீங்கிப்போயிருந்தது.

“கண்ணுக்குத் தெரியாத புழு. உள்ள உக்காந்துகினு வேர வீங்க வெக்குது. மருந்து வெச்சா கொஞ்சம் அடங்கும், ஒழியாது. இந்த மண்ணுதான் அதுக்கு வூடு. மூணு வருசத்துக்கு இதுல வெண்டி, கத்திரி, தக்காளி வெக்காதீங்க. மம்மட்டில ஒட்டிக்கினு போனாக்கூட அடுத்த கொல்லையில பரவிடும்.”

மம்மட்டியில் ஒட்டுகிற மண்ணே போதுமாம். பவளம் கூடை கூடையாக அள்ளிக் கொடுத்திருக்கிறாள். தன் பயிர் போனது அப்போது அவள் நினைவிலேயே இல்லை. அலுவலரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லாமல் ஏரிக்கரைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

செங்கேணியின் செடிகள் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றன. ஒருவேளை தப்பித்ததோ என்று ஒரு நிமிஷம் அவளுக்கு உயிர் வந்தது.

“எக்கா, வா வா! நானே உன்னாண்ட வர்லாம்னு இருந்தேன்.” செங்கேணி ஒரு செடியைப் பிடுங்கி வேரைத் தூக்கிக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. “நீ சொன்ன மாரியே முடிச்சி வெச்சிகீது பாரு!”

பவளம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வேரை வாங்கி நகத்தால் தேய்த்துப் பார்த்தாள். உதிரவில்லை.

“செங்கேணி, இது நோவுடி. எங்கொல்லையில இருந்த நோவு. நாந்தான் கொணாந்து கொட்டனேன்.”

செங்கேணி முதலில் நம்பவில்லை. பவளம் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தபோது அவள் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. திட்டுவாள் என்று பவளம் எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. செங்கேணியோ அந்தக் கோடியில் மடை திருப்பிக்கொண்டிருந்த மணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எப்பக்கா சரியாவும் இந்த மண்ணு?”

“மூணு வருசமாவது ஆவுமாம். அது வரிக்கும் வெண்டி, கத்திரி, தக்காளி எதுவும் வெக்கக்கூடாதாம்.”

“எங்குளுக்கு நெலம் ரெண்டு வருசத்துக்குத்தானேக்கா” என்றாள் செங்கேணி.