விளம்பரத்தில் சிரித்த அக்கா

எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்தால் போதும், அது கிரிப்டோ காசு உண்டாக்கித் தினமும் நம் கணக்கில் போடும் என்றது செல்போனில் வந்த விளம்பரம். கிளவுட் மைனிங் என்று அதற்குப் பெயர். 'இதில்தான் நான் வீடு கட்டினேன்' என்ற வரிக்கு மேலே, போட்டோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நம்பி, வளையலை அடகு வைக்கப் பொம்மிடியில் தர்மபுரி பஸ் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் அதே பெண்!

"அக்கா, மைனிங்ல வூடு கட்டினது நீங்கதானுங்களே?" என்று ஆசையாகக் கேட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அது எம் மக கல்யாணத்துல எடுத்த போட்டோ கண்ணு. எவனோ திருடிப் போட்டுட்டான். நானே வாடகை வூட்லதான் இருக்கறேன். பணம் போட்டு ஏமாந்தவங்க எல்லாம் என்னையத்தான் வந்து திட்டறாங்க. நீ போட்றாத கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வீடு திரும்பினேன்.

'நான் இல்லை' என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். அத்தனை வசவு வாங்கிய பிறகும் முன்பின் தெரியாத எனக்காக வாய் திறந்தார். இப்போது யாராவது அந்த விளம்பரத்தைக் காட்டினால், நானும் ஏமாறப் போனவள்தான் என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த வழி அதுதான்.