பல்வலி நாளில் கொடுக்காத லீவு

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்தேன். ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போகும்போதே கடைவாய்ப் பல் தெறித்துக்கொண்டிருந்தது. கிராம்பை அதக்கிச் சமாளித்தேன். யார் பேசினாலும் அந்தச் சத்தம் நேரே பல்லுக்குள் இறங்கியது.

பத்து மணி இருக்கும். தேவதானத்திலிருந்து வேலைக்கு வரும் ஒருவன் என் மேஜை முன்னால் வந்து நின்றான். ஆறு வருஷமாக ஸ்பின்னிங் மிஷின்களில் அறுந்த நூலை ஒட்டுகிறவன். அந்த இரைச்சலிலேயே கிடப்பவர்கள் வெளியே வந்தாலும் உரக்கத்தான் பேசுவார்கள். அது எனக்குத் தெரியாததல்ல.

“சார், ஊர்லருந்து ஆள் வந்திருக்கு. வீட்ல வலி எடுத்திருச்சாம். நான் போகணும் சார்.”

தாடை முழுக்க விண்ணென்றது. எவ்வளவு திமிர் இவனுக்கு என்றுதான் தோன்றியது. லீவுக்குப் பொய் சொல்கிற மூஞ்சி என்றும் தோன்றியது. அந்த மூஞ்சியை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

“ஏன்யா கத்துற? மாத்து ஆள் இல்ல. ஷிப்ட் முடிச்சிட்டுப் போ.”

“தலைப்பிரசவம் சார். கூட வயசான எங்கம்மா மட்டுந்தான்...”

“போன்னா போ.”

போய்விட்டான். மாற்று ஆள் இருந்தான். நான் கேட்டுப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். மறுநாள் உடம்பே லேசாக இருந்தது. கொழுந்தியாள் சடங்குக்குப் போகணும் என்று இன்னொருவன் வந்து அதே மாதிரி கத்தினான். சிரித்துக்கொண்டே இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

அவன் போன பிறகுதான் டைம் ஆபீஸ் கிளார்க் வந்து சொன்னார்.

“தேவதானத்துக்காரன் பொண்டாட்டி நேத்து இறந்துட்டாளாம் சார். பிள்ளையும் தங்கல. இவன் ஷிப்ட் முடிஞ்சு போய்த்தான் கார் பிடிச்சிருக்கான். இங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர்ற வழியிலேயே முடிஞ்சிருச்சு.”

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் வேலைக்கு வந்தான். கேண்டீன் பக்கம் தனியாக நின்றவனிடம் போனேன்.

“அன்னைக்கு எனக்குத் தாங்க முடியாத பல்வலிப்பா” என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான், சொல்லியிருக்கவே கூடாது என்று உறைத்தது. அவன் கோபப்படவில்லை.

“அன்னைக்கே சொல்லியிருந்தா வேற சூப்பர்வைசர்கிட்டக் கேட்டிருப்பேனே சார்.”

அந்த மாதமே அவன் வேலையை விட்டு நின்றுவிட்டான். மில்லில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரிட்டயர் ஆகும்வரை அதே மேஜையில் நான்தான் லீவுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.