நாக்கில் ஒட்டிய சில்லு

டைனோசர் எலும்புகளுக்குப் பேர்போன அந்தப் பூங்காவில் பத்தொன்பது வருடமாக நடைபாதை பெருக்கி, வேலி கட்டி, குப்பை அள்ளியவள் வெர்னா டாகர்ட். பக்கத்து ஊர்க்காரி, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு துண்டைக் காட்டி, டைனோசர் எலும்பு என்று அடித்துச் சொல்லி, அருங்காட்சியகத்து ஆட்களை வரவழைத்தாள். அது வெறும் இரும்புக்கல். அன்றிலிருந்து அவள் ‘கல்லு வெர்னா’. கேட்கும்போதெல்லாம் வலிக்கும், காட்டிக்கொள்ள மாட்டாள்.

ஜூன் மழை ஓய்ந்த காலையில், சுற்றுலாக்காரர்களுக்குப் படி வெட்டக் கிழக்கு மேட்டுக்கு இயந்திரம் வந்தது. வெட்டப்போகிற இடத்திலேயே, மழை கரைத்த களிமண்ணில், பழுப்புச் சில்லுகள் தலைகாட்டின.

“நிறுத்துங்கப்பா! எலும்பு கெடக்கு.”

“மறுபடியும் கல்லா?” என்று சிரித்தான் மேற்பார்வையாளன் பிரெண்டன். “இங்க ஒண்ணுமில்லன்னு ஆய்வுக்காரங்க போன மாசமே எழுதிக் குடுத்துட்டாங்க, வெர்னா.”

“அப்புறம் மூணு நாள் மழை பேஞ்சுதே, அத யாரு எழுதிக் குடுத்தா?”

இயந்திரம் உறுமியது. வெர்னா குனிந்து ஒரு சில்லை எடுத்து நாக்கில் வைத்தாள். கல்லென்றால் விழுந்துவிடும், எலும்பென்றால் ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது. அப்படியே நாக்கை நீட்டி எல்லோருக்கும் காட்டினாள். பிறகு எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு, இயந்திரத்துக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“இங்க ஒரு துண்டக்கூட எடுக்கக் கூடாதுன்னு தெரியுமில்ல? எச்சரிக்கைக் கடிதம் குடுப்பேன்.”

“குடு. பேனா இருக்கா, நான் தரட்டா?”

கிழக்கு மேட்டில் வெர்னா எலும்புத் துண்டை எடுத்தாள் என்று, நாள் நேரத்தோடு பிரெண்டன் அங்கேயே எழுதினான். அவள் நகரவில்லை. வேறு வழியில்லாமல் ஆய்வாளரை அழைத்தார்கள். மதியம் வந்த அந்த அம்மாள் மண்டியிட்டு, தூரிகையால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“கொம்பு டைனோசரோட மண்டையோடு. முழுசா இருக்கும்போலத் தெரியுது. மிஷினத் திருப்பிக் கொண்டுபோங்க.”

பிரெண்டன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“அந்தக் கடிதத்தக் கிழிச்சிடறேன், வெர்னா.”

“கிழிச்சே, கைய ஒடிச்சிடுவேன்! ஆய்வுக்காரங்க எழுதற அறிக்கையில யார் யார் பேரு வரும்னு எனக்குத் தெரியாதா? இத மொதல்ல கண்டெடுத்தவ நான்னு சொல்ற ஒரே காயிதம் அதுதான். குடு இங்க.”

பிடுங்கி, குற்றம் செய்தவர் கையெழுத்திடும் இடத்தில் கொட்டை எழுத்தில் முழுப்பெயரையும் எழுதினாள்.