காலடி நிழல்

மாணவர்கள் கணினியில் வரைந்து அனுப்பும் படங்களில் ஒளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக் கருத்து எழுதுவதுதான் கோவில்பட்டி அலுவலகத்தில் எங்கள் வேலை. பக்கத்து நாற்காலிக்காரம்மா ஒல்லி, பெரிய கண்ணாடி. எந்தப் படத்தையும் ஒற்றைக் கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார்.

புதூர் மாணவி ஒருத்தி, உச்சிவெயிலில் நிற்கும் தன் வீட்டு வெள்ளாட்டை வரைந்திருந்தாள். இவர் "அருமை" என்று எழுதியதை மேலாளர் அழிக்கச் சொன்னார்.

"குறை சொன்னாத்தாம்மா அடுத்த கோர்ஸுல சேருவாவ."

காலடி நிழல் ரொம்பக் கருப்பு என்று அந்தம்மா மாற்றி எழுதினார். மறுநாள் அவள் திருத்தி அனுப்பிய படத்தில் நிழலே இல்லாமல் ஆடு அந்தரத்தில் மிதந்தது. கீழே, "இப்ப சரியா மிஸ்?"

"தெனம் ஆட்டைப் பாக்குத பிள்ள, அண்ணாச்சி. அவ கண்ணையே அவள நம்பவிடாமப் பண்ணிட்டேன்" என்றார் என்னிடம்.

முதல் படமே சரி என்ற உண்மையை அவளிடம் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். "இப்போது சரி" என்று எழுதி அனுப்பினார். அவர்மேல் ஏன் கோபம் வரவில்லை என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.