தொட்டில் கட்டிய மேஸ்திரி

முதலில் ஞாபகம் வருவது மேஸ்திரியக்காவின் கை. கருங்கல் பக்கம் எங்கள் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையில், கூடம் நிறையப் பெண்கள் உட்கார்ந்து கட்டையால் கொட்டையைத் தல்லி உடைப்போம். காது அடைக்கும். பக்கத்தில் இருப்பவள் பேசினாலும் கேட்காது. அதனால் அக்கா கையால்தான் எங்களை நடத்துவாள். தூக்கினால் நிறுத்த வேண்டும். இறக்கினால் தொடங்க வேண்டும். அவ்வளவுதான்.

அப்போது என் மகள் கைக்குழந்தை. வீட்டுக்காரருக்குக் கொல்லத்தில் கட்டட வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மாமியார் வழுக்கி விழுந்து படுத்துவிட்டார். ஆபீசுக்குள் பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது. வேலையை விட்டால் அடுப்பு எரியாது. வேறு ஆளும் இல்லை. வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொல்லத்தான் பிள்ளையை இடுக்கிக்கொண்டு போனேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நிண்ணுட்டு என்னட்டி செய்யப் போற? வீட்டுல மலந்து கிடந்து ஓடு எண்ணப் போறியா?”

தன் பழைய சேலையைக் கொண்டுவந்து கூடத்துக் கோடியில் தொட்டில் கட்டினாள். உடைக்கும்போது கொட்டையில் வடிகிற பால் பட்டால் தோல் வெந்துபோகும். அதற்கும் ஒன்று சொன்னாள்.

“எண்ணெய் போட்டுக் கையைக் கழுவாம பிள்ளையைத் தொட்டியோ, அண்டியை விட்டுட்டு உன்னையத் தல்லுவேன், கேட்டியா?”

வீட்டில் ஓயாமல் அழுகிற பிள்ளை. இங்கே கட்டைகள் விழ விழக் கண் சொக்கி உறங்கியது.

ஒருநாள் முதலாளி சொல்லாமல் வந்தார். தொட்டிலைப் பார்த்ததும் முகம் மாறியது. அக்காவின் காதருகே போய்க் கத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் விரல் வாசலைக் காட்டியது தெரிந்தது. இன்றோடு வேலை போயிற்று என்று நினைத்தேன்.

அக்கா கையைத் தூக்கினாள். கூடம் அடங்கியது. சத்தம் நின்றதும் பிள்ளை விழித்து வீறிட்டது.

“இது என்னத்துக்கு இப்படிக் கரையுது?” என்றார் முதலாளி.

“தல்லு நிண்ணாச்சுல்லா முதலாளி. நாங்க வேலை செய்தாத்தான் அது ஒறங்கும். பிள்ளை கரைஞ்சா தாய்க்குக் கை ஓடாது. அவளுக்கு ஓடலேன்னா எங்களுக்கும் ஓடாது.”

குரல் தாழ்ந்துதான் இருந்தது. தூக்கிய கை இறங்கவில்லை. ஒருத்தியும் கட்டையைத் தொடவில்லை. பிள்ளையின் குரல் கூரைக்கு ஏறியது. முதலாளி தொட்டிலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், காதைப் பொத்திக்கொண்டார்.

“எக்கா, கையைக் கீழ போடுங்க. பிள்ளை ஒறங்கட்டு.”

அதுவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார். கூடமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. கையை இறக்கினாள். அடுத்த வாரம் கோடியில் மூன்று தொட்டில் தொங்கியது.

இந்த மாதம் அக்கா வேலையிலிருந்து ஓய்கிறாள். பெண்கள் தலைமைக்கு வர வேண்டும் என்று மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அப்படிப் பேச வராது. என் பிள்ளைக்காக இளகியதும் முதலாளி முன்னால் இளகாமல் நின்றதும் அவளுக்கு ஒரே மனசுதான். கண்டதைச் சொல்கிறேன்.

இப்போது ஆபீசில் பிள்ளைகளுக்குத் தனி அறை உண்டு. சத்தம் எட்டாத இடமாகப் பார்த்துத் தள்ளிக் கட்டலாம் என்று எஞ்சினியர் சொன்னாராம். முதலாளிதான் விடவில்லை.

“கூடத்துச் சுவரோட சேத்துக் கட்டும் ஓய். ஒரு ஜன்னலும் வையும். சத்தம் கேக்கலேன்னா பிள்ளையள் ஒறங்காது.”