சீல் உடைக்காத பாட்டில்

ஆம்பூரில் வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் திருச்சியில் என் வீட்டார் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அங்க போய் என்னத்தச் சாப்பிடுவ?" என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. மாடுகளுக்காக வேலை பார்க்கப் போகிறவள், தோல் தொழிற்சாலையும் பிரியாணிக் கடையும் வரிசைகட்டி நிற்கிற ஊருக்கு ஏன் போகிறாள் என்றும் கேட்கவில்லை. கறி, முட்டையோடு பால், தயிர், நெய், மோர் என்று எல்லாவற்றையும் விட்டவளுக்குச் சோறு எப்படி இறங்கும் என்பதுதான் அவர்கள் கவலை. எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலில்தான் மூட்டை கட்டினேன். மிக்சி, இரட்டை அடுப்பு, பால் வடிகட்ட நாலு மல் துணி, ஐந்து கிலோ வேர்க்கடலை. ஆம்பூரைச் சுற்றி வேர்க்கடலை விளைகிறது என்பதுகூடத் தெரியாமல் திருச்சியிலிருந்து காட்பாடி வரைக்கும், அங்கிருந்து இன்னொரு ரயிலில் ஆம்பூர் வரைக்கும் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் அமைப்பு சின்னது. மாட்டுச் சந்தைகளில் தண்ணீர்த் தொட்டி வைக்கச் சொல்வோம். லாரியிலிருந்து மாடுகளைக் குதிக்க வைக்காமல் இறக்க ஒரு சரிவுப் பலகை போடச் சொல்வோம். அளவுக்கு மேல் ஏற்றுகிறவர்களிடம் மல்லுக்கு நிற்போம். அவ்வளவுதான். யாருடைய தொழிற்சாலையையும் மூட வந்தவள் இல்லை நான்.

பாலை விட்டதற்குக் காரணம் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை. நான் பள்ளிக்கூடம் படித்தபோது ஒரு பசுவின் கன்று செத்துப்போனது. அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் அடைத்து, பசுவின் முன்னால் நிறுத்திப் பால் கறந்தார்கள். பசு அந்த வைக்கோல் கன்றை நக்கிக்கொண்டே இருந்தது. அன்று ராத்திரி காப்பியைத் தள்ளி வைத்தேன். முழுசாக விட இன்னும் பத்து வருஷம் ஆனது என்பது வேறு விஷயம்.

ஆம்பூரில் கிடைத்த வீடு ஒரே கட்டடத்தின் ஒரு பாதி. நடுவில் ஒரு சுவர், வெளியே இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழாய். அடுத்த பாதியில் ஓர் அக்காவும் அவர் கணவரும் இருந்தார்கள். அக்கா ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. கணவருக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. வாசல் நிலையின் மேல் சின்னதாக ஒரு சிலுவை.

சாமான் இறக்கி முடிப்பதற்குள் அக்கா ஒரு எவர்சில்வர் தம்ளரில் டீ கொண்டுவந்தார். விளிம்பில் கொஞ்சம் நசுங்கிய தம்ளர். வயிற்றில் அவர்களுடைய கல்யாணத் தேதி வெட்டியிருந்தது. ஏலக்காய் வாசனை தூக்கியது.

"வேணாங்க்கா. பால் ஊத்துன எதையும் நான் தொட மாட்டேன்" என்றேன்.

"சைவமா மேடம்?"

"சைவத்தவிடக் கண்டிப்பு" என்றேன், சிரித்துக்கொண்டே. பெருமையாகவும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அக்கா தலையாட்டிவிட்டு டீயோடு திரும்பிப் போய்விட்டார்.

அது எந்தத் தெரு, அங்கே இருப்பவர்கள் வீட்டில் மற்ற சாதிக்காரர்கள் எதைச் செய்வார்கள், எதைச் செய்ய மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது என்றால் அது பொய். தெரியும். மறந்துவிட்டேன். மறந்துவிட்டு நிம்மதியாக இருக்க முடிகிற வீட்டில் பிறந்தவள் நான்.

அதன்பிறகு இரண்டு மாதம் என் அடுப்படிதான் என் உலகம். காலையில் வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் காப்பி. அது காப்பி மாதிரி இருக்காது. கடலை மிட்டாயைச் சுடுதண்ணீரில் கரைத்த மாதிரி இருக்கும். ஆனாலும் குடித்தேன், வீம்புக்கு. மத்தியானத்துக்குக் கொள்ளு ரசம். சந்தையில் முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்த நாளெல்லாம் எனக்குப் பண்டிகை. காம்பில் முள் குத்தினாலும் உள்ளே வெண்ணெயாக வெந்துவிடும். வெண்ணெயை விட்டவள் இப்படி எழுதக் கூடாதுதான், என்ன செய்வது, வேறு சொல் வரவில்லை. தயிர் மட்டும் காலை வாரியது. வேர்க்கடலைப் பாலில் பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு உறைய வைப்பது என் வழக்கம். திருச்சியில் ஒரு ராத்திரி எடுக்கும். ஆம்பூர் வெயிலில் நாலு மணி நேரத்தில் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தது. ஒருநாள் அந்தப் புளிப்பு வாசனை சுவரைத் தாண்டிப் போய், "இன்னா மேடம், எதுனா செத்துக் கெடக்குதா?" என்று அக்கா குரல் கொடுத்தார். நான் வெட்கத்தில் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அக்கா வீட்டுக்கு நான் அடிக்கடி போவேன். மின்சாரம், தண்ணீர், மளிகை என்று கேட்க ஏதாவது இருக்கும். போகும்போதெல்லாம் அவர் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய், மாம்பழ ஜூஸ் பாட்டில் ஒன்று வாங்கிவருவார். அக்கா அதை அப்படியே, மூடி திறக்காமல், என் கையில் கொடுப்பார். பால் குடிக்க மாட்டேன் என்று ஒரு தடவை சொன்னதை எவ்வளவு அக்கறையாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று உருகிப்போனேன். அம்மாவிடம் போனில், "பக்கத்து வீட்டுல என்னை எப்படிப் பாத்துக்கறாங்க தெரியுமா?" என்றுகூடப் பீற்றிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வீட்டு நாற்காலியில் அப்படியொரு பாட்டிலோடு உட்கார்ந்திருந்தபோது, அக்காவின் கம்பெனி சூப்பர்வைசர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்க சார்" என்றதற்கு, "பரவால்லம்மா, வண்டி ரோட்டுல நிக்குது" என்றார். அக்காவின் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்வந்தார். அதே கடை. அதே மாம்பழ ஜூஸ். அக்கா மூடி திறக்காமல் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு, பத்திரிகையைக் கொடுத்து, ரெண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பினார். போகும்போது பாட்டிலை வெளிச்சுவர் மேல் வைத்துவிட்டுப் போனார்.

"அவரும் பால் சாப்பிட மாட்டாராக்கா?" என்று கேட்டேன். நிஜமாகவே உறைக்காமல்தான் கேட்டேன்.

அக்கா சுவர் மேல் இருந்த பாட்டிலைக் கைகாட்டினார். "அவரு கேன்டீன்ல ஒரு நாளைக்கு நாலு டீ குடிப்பாரு மேடம். எங்க வூட்லதான் குடிக்க மாட்டாரு."

என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். சுவர் மேல் இருந்ததையும் பார்த்தேன். எங்கள் மாட்டுக்கொட்டகையில், கூரைச் சந்தில், ஓர் அலுமினிய தம்ளர் செருகியிருக்கும். சாணி அள்ள வருகிறவருக்கு அதில்தான் காப்பி. குடித்து, கழுவி, அவரே திரும்பச் செருகிவிட்டுப் போவார். வைக்கோல் கன்றைப் பார்த்துக் காப்பியைத் தள்ளி வைத்த அதே வயதில், அதே கொட்டகையில், அந்தத் தம்ளரையும் தினம் பார்த்தவள்தான் நான். கன்றுக்கு அழுதேன். தம்ளருக்கு அழவில்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"அக்கா, நான் அதுக்காக இல்ல" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தது தப்பாகப் போனது. மாடு, கன்று, பால் என்று அலுவலகக் கூட்டத்தில் பேசுவதையெல்லாம் கொட்டினேன். பதற்றம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "எங்க வூட்டுக்காரரு தோல் வேலதான் செய்றாரு. நான் தைக்கறதும் அதான். அது தப்புன்னு சொல்றீங்களா?"

"உங்களைத் தப்புன்னு சொல்ல நான் யாருக்கா? மாடு படுற பாட்டைக் கொறைக்கணும்னுதான் வந்தேன். அதுக்கு மேல இதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

"சரி, பதில வுடுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்க வூட்ல ஆக்கறத சாப்புடுவீங்களா, மாட்டீங்களா?"

"சாப்பிடுவேன். கறி, முட்டை, பால், நெய் சேராத எதைக் கொடுத்தாலும்."

"ஞாயித்துக்கெழமையா பாத்து வந்து சொல்றீங்களே" என்றார். அவர் குரலில் முதல் தடவையாக ஒரு கேலி எட்டிப் பார்த்தது. அடுப்பில் மாட்டுக்கறி பிரியாணி தம்மில் இருந்தது. பக்கத்திலேயே, அதற்குத் தொட்டுக்கொள்ள, கத்திரிக்காய்த் தொக்கு. புளியும் எள்ளும் எண்ணெயும்தான், பால் படாதது. காலையில் கிண்டிய கேழ்வரகுக் களியில் ஓர் உருண்டை மிச்சம் இருந்தது. எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

தட்டோடு அடுப்படிக்கே போனேன். அக்கா பிரியாணி மூடியைத் திறந்து, ஓரத்தில் கரண்டியை விட்டு ஒரு புரட்டு புரட்டினார். பழக்கதோஷத்தில் அதே கரண்டியைத் தொக்கில் விட்டுவிட்டார். விட்ட பிறகுதான் கவனித்தார். கை அப்படியே நின்றது. கரண்டியின் முதுகில் இரண்டு பருக்கை, ஒரு நூல் அளவு கறி.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்த அதே பார்வை. இந்தத் தட்டை நான் பின்னுக்கு இழுத்தால் நாளையிலிருந்து நான் யார் என்பது முடிவாகிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. எட்டு வருஷமாகக் கறி பட்ட எதையும் வாயில் வைத்ததில்லை. ஆனால் அந்தக் கரண்டியைக் கழுவச் சொன்னால் எந்த மாடு பிழைக்கப்போகிறது? நான் விட்டது மாட்டுக்காக. என் சுத்தத்துக்காக விட்டதாக யாராவது நினைத்தால், பாலைத் திரும்பக் குடித்துவிடலாம் போலிருந்தது.

"போடுங்கக்கா" என்று தட்டை நீட்டினேன்.

"வேற கரண்டி கீது..."

"இதுலயே போடுங்க. பசிக்குது."

அக்கா அந்த நூல் கறியை மட்டும் விரலால் தட்டிவிட்டுத் தொக்கை அள்ளிப் போட்டார். ஒன்றல்ல, மூன்று கரண்டி. தரையில் உட்கார்ந்து களியைப் பிட்டுத் தொட்டுச் சாப்பிட்டேன். காரம் கண்ணில் தண்ணீரை வரவழைத்தது. காரம் மட்டும்தான் என்று சொல்ல முடியாது.

அக்காவின் கணவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். "லாரில வர்ற மாடு எப்டி வந்துச்சின்னு எங்களுக்குத் தெரியும்மா" என்றார். "தோல விரிச்சாலே சொல்லிடுவோம். கம்பில குத்துனது, ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து செராஞ்சது, அல்லாம் அச்சு மாதிரி நிக்கும். அந்தத் தோலுக்கு வெல கம்மி. நீ அழுது சொன்னா லாரிக்காரன் கேக்க மாட்டான். இத்தச் சொல்லு, கேப்பான்."

இரண்டு மாதமாகச் சந்தைகளில் தொண்டை வறளப் பேசியும் எனக்குத் தோன்றாத வாதம் அது. அவர் சொன்னதை வைத்துத்தான் பிறகு ஒரு சந்தையில் முதல் சரிவுப் பலகையைப் போட வைத்தேன். இன்று வரை எங்கள் இரண்டு வீட்டு வேலைகளுக்கும் சமாதானம் ஆகிவிடவில்லை. அவர் தோலை விரிக்கிறார், நான் மாட்டை இறக்குகிறேன். ஆனால் சந்தை நாள் சாயங்காலம், "இன்னிக்கு எத்தினி வண்டி பலக போட்டான்?" என்று முதலில் கேட்பவர் அவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை, கம்பெனி பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அக்கா என் கதவைத் தட்டினார். கையில் அந்த நசுங்கிய தம்ளர்.

"பால் ஊத்தல. இஞ்சி தட்டிப் போட்டு, வெல்லம் போட்டுக்கீறேன். சீக்கிரம் குடி, பஸ்ஸு வந்துடும்."

'மேடம்' போயிருந்தது. 'குடிங்க' போய்க் 'குடி' ஆகியிருந்தது. தம்ளரை வாங்கி, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், நசுங்கிய விளிம்பிலேயே வாய் வைத்துக் குடித்தேன். நல்ல சூடு. ஊதி ஊதிப் பாதிதான் குடித்திருப்பேன், தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது.

"அய்ய, இன்னாத்த ஊதினு கீற? வேஸ்ட்டாப் போவுது பாரு" என்று அக்கா தம்ளரை என் கையிலிருந்து பிடுங்கினார். நான் வாய் வைத்த அதே இடத்தில் வாய் வைத்து, மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தார். காலித் தம்ளரைத் திரும்ப என் கையில் திணித்து, "கழுவி வை, சாங்காலம் வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.